தனியே பாலைக்குள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

பாலைவன நடைபயணம் பற்றி வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைச் சுற்றியே இருந்தன: ஆள் நடமாட்டமும் பாதையும் இல்லாத பகுதிகளுக்குள் ஒருவர் தனியாகச் செல்லலாமா, சென்றால் எப்படிச் செல்வது என்பது. அவற்றுள் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: பத்து ஆண்டுகளாக நண்பர்களோடு மலைப்பாதைகளில் நடந்து வருகிறேன். இப்போது ஒரு பாலைவனப் பகுதியில் நான்கு நாட்கள் தனியாக நடக்க ஆசைப்படுகிறேன். வீட்டில் உள்ளவர்கள் இது வேண்டாத விபரீதம் என்கிறார்கள். அவ்வளவு தவறான ஆசையா இது?

பதில்: தவறான ஆசை இல்லை. என் நடைகளில் பாதிக்கு மேல் நான் தனியாகப் போனவைதான். இருவராகப் போகும்போது பேச்சில் கழிந்துவிடும் மணி நேரங்கள் தனியாகப் போகும்போது முழுவதுமாக நமக்குக் கிடைக்கின்றன. மணலில் ஒரு வண்டு விட்டுச் சென்ற தடத்தை அரை மணி நேரம் பின்தொடர்ந்து போவதற்கு நான் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. அந்த நிறைவை அறிந்த எவரும் உங்கள் ஆசையைக் குறைசொல்ல மாட்டார்கள்.

ஆனால் வீட்டில் உள்ளவர்களின் அச்சத்துக்கும் காரணம் உண்டு. பத்து ஆண்டு அனுபவம் உங்களுக்கு நடக்கக் கற்றுக்கொடுத்திருக்கும். தவறு செய்தபின் மீளக் கற்றுக்கொடுத்ததா என்று யோசித்துப் பாருங்கள். குழுவில் ஒருவருக்குக் கால் பிசகினால் மற்றவர் சுமையை வாங்கிக்கொள்கிறார், ஒருவர் வழி தவறினால் மற்றவர் நின்று கேட்கிறார். வெயிலில் ஒருவர் பேச்சு குழறினால் அதை முதலில் கவனிப்பவரும் உடன் வருபவரே. வெப்பத்தாக்குதலின் கொடுமையே இதில்தான் இருக்கிறது: உடல் சூடேறும்போது முதலில் மங்குவது அறிவு, ஆகவே ஆபத்தை உணர வேண்டிய மனமே ஆபத்துக்கு உள்ளாகிவிடுகிறது. தனியாக இருப்பவரிடம் "உட்கார், நிழலுக்கு வா" என்று சொல்ல ஆள் இல்லை.

இதற்கு நான் கண்ட ஒரே வழி, முக்கியமான முடிவுகளை எல்லாம் புறப்படுவதற்கு முன்பே, தெளிந்த தலையோடு, நிழலில் உட்கார்ந்து எடுத்துவிடுவது. எந்த நேரத்துக்குத் திரும்புவேன், எவ்வளவு நீர் மிஞ்சும்போது திரும்புவேன், எத்தகைய பாறையில் இறங்கமாட்டேன் என்று எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்கிறேன். களைத்துப்போன பிற்பகலில் நான் செய்யவேண்டியது அதற்குக் கீழ்ப்படிவது ஒன்றே.

கீழ்ப்படியாத நாளையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தின் தெற்கே, செம்மணற்கல் பிளந்து உருவான ஒடுங்கிய பள்ளத்தாக்கு ஒன்றில் இறங்கிக்கொண்டிருந்தேன். மழைக்காலத்தில் அருவி விழும், மற்ற நாட்களில் வறண்டு கிடக்கும் ஒரு பாறை விளிம்பு குறுக்கே வந்தது. இரண்டரை மீட்டர் உயரம்தான் இருக்கும். தண்ணீர் தேய்த்துத் தேய்த்து வழுவழுப்பாக்கிய பாறை. ஏற முடியாத இடத்தில் இறங்குவதில்லை என்பது என் தாளில் இருந்த விதி. அப்படியிருந்தும் விளிம்பில் உட்கார்ந்து சறுக்கிவிட்டேன். இருநூறு அடி எடுத்து வைப்பதற்குள் பள்ளத்தாக்கு பதினைந்து மீட்டர் செங்குத்தாகக் கீழே விழுந்தது. திரும்பி வந்து நிமிர்ந்து பார்த்தேன். நான் சறுக்கிய விளிம்பு என் விரல் நுனிக்கு இரண்டு சாண் மேலே இருந்தது. அங்கே கிடந்த கற்களைச் சுமந்து வந்து அடுக்கி, அது சரிய மீண்டும் அடுக்கி, நகக்கண்கள் எல்லாம் கிழிந்து மேலே ஏறி விழுந்தபோது மூன்று மணி நேரம் போயிருந்தது. கற்கள் இல்லாத பள்ளத்தாக்காக இருந்திருந்தால் இந்தப் பதிலை எழுத நான் இருந்திருக்க மாட்டேன்.

அதே யூட்டாவின் புளூ ஜான் பள்ளத்தாக்கில் 2003 ஏப்ரல் 26 அன்று ஆரன் ரால்ஸ்டன் என்ற மலையேறுநரின் வலக்கை, பெயர்ந்து உருண்ட ஒரு பாறைக்கும் பள்ளத்தாக்கின் சுவருக்கும் இடையே சிக்கிக்கொண்டது. தேர்ந்த, திடமான மனிதர். ஆனால் எங்கே போகிறேன் என்று ஒருவரிடமும் சொல்லிவிட்டுப் போகவில்லை. 127 மணி நேரத்துக்குப் பிறகு தன் முன்கையைத் தானே வெட்டிக்கொண்டு வெளியே வந்தார். அவருடைய மன உறுதியைப் பலரும் வியக்கிறார்கள். நான் மீண்டும் மீண்டும் நினைப்பது, அவர் எழுதி வைத்துவிட்டுப் போகாத அந்த இரண்டு வரிகளைத்தான்.

ஆகவே உங்களுக்கு என் யோசனை: நான்கு நாள் பயணத்தை அடுத்த பருவத்துக்குத் தள்ளிப் போடுங்கள். முதலில் வாகனத்தை நிறுத்திய இடத்திலிருந்து தனியாகப் போய் அன்றே திரும்பும் நடைகளை ஐந்தாறு முறை செய்யுங்கள். பிறகு வாகனம் கண்ணுக்குத் தெரியும் தொலைவில் ஓர் இரவு தங்கிப் பாருங்கள். இருட்டிய பிறகு உங்கள் மனம் எப்படி நடந்துகொள்கிறது என்பதை அந்த ஓர் இரவில் தெரிந்துகொண்டுவிடுவீர்கள்.

கேள்வி: ஒரு நாளுக்கு எவ்வளவு தண்ணீர் எடுத்துச் செல்ல வேண்டும்? சிக்கனமாகக் குடித்துப் பழகினால் குறைவான நீரோடு சமாளிக்க முடியும் என்று ஒரு நண்பர் சொல்கிறார். உண்மையா?

பதில்: உண்மை இல்லை, இந்த நம்பிக்கை ஆளைக் கொல்லக்கூடியது என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

1940களில், உலகப் போர்க் காலத்தில், எட்வர்ட் அடால்ஃப் என்ற உடலியல் அறிஞரின் குழுவினர் அமெரிக்கப் பாலைவனங்களில் படைவீரர்களைக் கொண்டு இதை நேரடியாகச் சோதித்தார்கள். குறைந்த நீருக்கு உடலைப் பழக்க முடியாது என்பது அவர்கள் கண்ட முடிவுகளில் ஒன்று. வெப்பத்துக்கு உடல் பழகும். ஆனால் அப்படிப் பழகிய உடல் முன்னைவிட விரைவாகவும் தாராளமாகவும் வியர்க்கத் தொடங்குகிறது, அதாவது கூடுதலாகவே நீர் கேட்கிறது. தாகத்தை மட்டும் நம்பிக் குடிப்பவர்கள், பக்கத்திலேயே தண்ணீர் இருந்தாலும், இழந்ததில் ஒரு பகுதியைத்தான் ஈடுசெய்கிறார்கள் என்பதும் அப்போது தெரியவந்தது. வெயிலில் சட்டையைக் கழற்றுவது குளிர்ச்சி தரும் என்று தோன்றினாலும், வெற்றுடம்பில் வியர்வை இழப்பு அதிகமாகிறது. தளர்வான முழுக்கைச் சட்டையும் அகன்ற விளிம்புத் தொப்பியும் குடிநீருக்கு நிகரானவை.

கடும் வெப்பத்தில் நடப்பவர் ஒரு மணி நேரத்துக்கு ஒரு லிட்டருக்கு மேல் வியர்வையாக இழக்கலாம். கலிஃபோர்னியாவின் டெத் வேலி தேசியப் பூங்காவில் ஒருவருக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 4 லிட்டர் என்று அறிவுறுத்துகிறார்கள். நடப்பவருக்கு அது போதாது. குளிர்ந்த பருவத்தில், காலையும் மாலையும் மட்டும் நடந்தால், சமையலையும் சேர்த்து 5 முதல் 6 லிட்டர் என்று கணக்கிடுகிறேன். இந்தக் கணக்கைச் செய்து பார்த்தால் உங்கள் பயணத்தின் எல்லை தானே தெரிந்துவிடும். ஒரு லிட்டர் நீரின் எடை ஒரு கிலோ. நான்கு நாட்களுக்கு 24 கிலோ. இதற்கு மேல் உணவு, படுக்கை, கருவிகள். அவ்வளவையும் முதுகில் ஏற்றிக்கொண்டு மணலில் நடப்பவர் அந்தச் சுமைக்காகவே கூடுதலாக வியர்ப்பார். எனவே மூன்று நாட்களுக்கு மேற்பட்ட பயணம் என்றால் ஊற்றையோ, முன்பே சென்று புதைத்து வைத்த நீர்க்கலங்களையோ நம்பித்தான் ஆகவேண்டும்.

ஊற்றை நம்புவதில் ஒரு நிபந்தனை உண்டு. நிலவரைபடத்தில் நீலப் புள்ளி இருப்பது, வரைபடம் வரைந்த காலத்தில் அங்கே நீர் இருந்தது என்பதற்கு மட்டுமே சான்று. அது வற்றியிருந்தாலும் திரும்பி வருவதற்கான நீர் கையில் இருக்கும்போது மட்டுமே அதை நோக்கிப் போக வேண்டும். கொண்டுபோகும் நீரை மூன்று பங்காகப் பிரித்து, ஒரு பங்கு போவதற்கு, ஒரு பங்கு வருவதற்கு, ஒரு பங்கு எதிர்பாராததற்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே பெரிய பையில் ஊற்றிவிடாதீர்கள். ஒரு முள் போதும், அந்தப் பை காலியாவதற்கு.

நீர் குறைந்துவிட்டால் சிக்கனப்படுத்த வேண்டியது வியர்வையை. நிழலில் அசையாமல் கிடந்து, பொழுது சாய்ந்த பிறகு நடக்க வேண்டும். தாகம் எடுக்கும்போது இருப்பதைக் குடித்துவிட வேண்டும். குடுவையில் நீரை மிச்சம் வைத்துவிட்டு மயங்கி விழுவதால் யாருக்கும் பயனில்லை. 1905 ஆகஸ்டில் பாப்லோ வலென்சியா என்பவர் அரிசோனாவின் தென்மேற்கே ஏறத்தாழ ஒரு நாளுக்கான நீரோடு ஒரு வாரத்தை ஒட்டிய காலம் பாலையில் அலைந்து, கடைசியில் தவழ்ந்தே திரும்பினார். அங்கே முகாமிட்டிருந்த மெகீ என்ற அறிவியலாளர் அவரைக் காப்பாற்றி, அவர் நிலையைப் பதிவு செய்து வைத்தார்: உதடுகள் சுருங்கி மறைந்து, தோல் கறுத்து உலர்ந்து, கீறல்களிலிருந்து குருதிகூட வராத உடல். தாகம் என்று நாம் சாதாரணமாகச் சொல்லும் சொல்லின் மறுமுனை அது.

இதற்கு நேரெதிரான தவறும் நடக்கிறது. உப்பே இல்லாமல் வெறும் நீரை மணிக்கணக்கில் குடித்துக்கொண்டே இருந்தால் குருதியில் சோடியம் நீர்த்துப்போய், தலைவலி, குமட்டல், குழப்பம் என்று தொடங்கி வலிப்புவரை போகலாம். உப்புள்ள தின்பண்டங்களை நீரோடு சேர்த்து உண்ணுவதே இதற்குத் தடுப்பு.

கேள்வி: சப்பாத்திக்கள்ளியை வெட்டி நீர் குடிக்கலாம் என்கிறார்களே?

பதில்: அதை நம்பிப் போகாதீர்கள். கள்ளிகளுக்குள் இருப்பது பிசுபிசுப்பான சாறு. பலவற்றில் அமிலமும் நச்சுப் பொருட்களும் கலந்திருப்பதால் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வந்து இருக்கும் நீரும் போய்விடும். குழி தோண்டிப் பிளாஸ்டிக் தாள் விரித்து ஆவியைச் சேர்க்கும் முறையும் அப்படியே: தோண்டும்போது இழக்கும் வியர்வை அதில் சேரும் நீரைவிட அதிகம்.

கேள்வி: கைபேசியில் வரைபடம், ஜி.பி.எஸ். எல்லாம் இருக்கும்போது காகித வரைபடமும் திசைகாட்டியும் எதற்கு? பாதையே இல்லாத இடத்தில் எப்படி வழி கண்டுபிடிக்கிறீர்கள்?

பதில்: கைபேசியை நானும் எடுத்துச் செல்கிறேன். ஆனால் அது வெப்பத்தில் தானே அணைந்துவிடும், குளிரிரவில் மின்கலம் வேகமாக இறங்கிவிடும், பாறையில் விழுந்தால் உடைந்துவிடும். ஒரு சாலை இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்பதும் அதற்குத் தெரியாது. 1996 ஜூலையில் டெத் வேலிக்கு வந்த, இரண்டு பெரியவர்களும் இரண்டு குழந்தைகளும் அடங்கிய ஒரு ஜெர்மன் குடும்பம், எளிய வரைபடத்தை நம்பித் தங்கள் சுற்றுலா வாகனத்துக்குச் சற்றும் பொருந்தாத ஒரு பாதையில் இறங்கியது. அந்த ஆண்டு அக்டோபரில்தான் டயர்கள் கிழிந்து நின்ற வாகனம் கண்டுபிடிக்கப்பட்டது. பெரியவர்களின் எலும்புகள் வாகனத்திலிருந்து பல கிலோமீட்டர் தொலைவில் 2009ஆம் ஆண்டில் கிடைத்தன. வாகனம் நின்றுவிட்டால் அதைவிட்டு விலகாதீர்கள் என்று சொல்வது இதனால்தான். வானிலிருந்து தேடுபவருக்கு ஒரு மனிதரைவிட ஒரு வாகனம் எளிதில் தென்படும்.

வழி கண்டுபிடிப்பதைப் பொறுத்தவரை, நிலத்தின் அமைப்பு உங்களுக்குச் சொல்லித்தரும் ஒன்றை முதலில் மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். வறண்ட ஓடைப்படுகையில் மேல்நோக்கி நடந்தால் அது கிளை கிளையாகப் பிரிந்துகொண்டே போகும். கீழ்நோக்கி வந்தால் கிளைகள் எல்லாம் ஒன்றாகிவிடும். ஆகவே ஓடையின் வழியே மேலே போனவர் கீழே திரும்புவது எளிது. மேலேயிருந்து இறங்கிப் போனவர் திரும்பி ஏறும்போது ஒவ்வொரு பிரிவிலும் தவறான கிளையைத் தேர்ந்தெடுக்க வாய்ப்பிருக்கிறது. மலைமுகட்டில் இது அப்படியே தலைகீழ்: ஏறும்போது முகடுகள் கூடுகின்றன, இறங்கும்போது பிரிகின்றன. மலையடிவாரத்தில் ஓடை கொண்டுவந்து கொட்டிய விசிறி வடிவச் சரளை மேட்டில் ஓடைகளும் கீழ்நோக்கிப் போகும்போதே பிரியத் தொடங்கும். பலர் குழம்புவது அங்கேதான். ஒவ்வொரு பிரிவிலும் நான் நின்று முழுவதுமாகத் திரும்பி, வந்த திசையைப் பார்க்கிறேன். திரும்பும்போது எனக்குக் கிடைக்கப்போவது அந்தக் காட்சிதான். போகும்போது கண்ட காட்சி எனக்கு அப்போது உதவாது.

தொலைவைக் கண்ணால் மதிப்பிடாதீர்கள். ஈரமும் புகையும் இல்லாத காற்றில், ஒரு மணி நேரத்தில் போய்விடலாம் என்று தோன்றும் குன்று அரை நாள் தொலைவில் இருக்கும். பாதையில்லாத பாலையில் மணிக்கு 2 கிலோமீட்டருக்கு மேல் நான் கணக்கு வைப்பதில்லை.

கேள்வி: வானம் தெளிவாக இருக்கும்போதே திடீர் வெள்ளம் வருமாமே?

பதில்: வரும். 1997 ஆகஸ்ட் 12 அன்று அரிசோனாவின் ஆன்டலோப் பள்ளத்தாக்கில் 11 பேர் இறந்தார்கள்; மழை பெய்தது பல கிலோமீட்டர் தொலைவில், அவர்கள் நின்ற இடத்தில் பெரிதாக மழை இல்லை. பாறையும் இறுகிய மண்ணும் நீரை உறிஞ்சாமல் அப்படியே ஓடவிடுவதால், பரந்த நிலத்தில் பெய்தது எல்லாம் ஓர் ஒடுங்கிய பிளவுக்குள் ஒரே நேரத்தில் வந்து சேர்கிறது. எனவே நீர்பிடிப்புப் பகுதி முழுவதற்குமான வானிலை அறிவிப்பைப் பாருங்கள். மழைக்கு வாய்ப்பு என்றால் ஒடுங்கிய பள்ளத்தாக்குக்குள் இறங்காதீர்கள். ஓடைப்படுகையின் மணல் எவ்வளவு மெத்தென்று இருந்தாலும் அதில் கூடாரம் போட வேண்டாம். சுவரில் உங்கள் தலைக்கு மேலே காய்ந்த சுள்ளிகளும் மரக்கட்டைகளும் செருகிக் கிடப்பதைப் பார்த்தால், முந்தைய வெள்ளம் எவ்வளவு உயரத்துக்கு வந்தது என்பது புரியும்.

கேள்வி: பாம்பும் தேளும்தான் எனக்குப் பெரிய பயம். என்ன செய்வது?

பதில்: கண்ணுக்குத் தெரியாத இடத்தில் கையையோ காலையோ வைக்காதீர்கள், பாறை ஏறும்போது இது மிக முக்கியம். காலையில் காலணியைத் தட்டிவிட்டு அணியுங்கள், இரவில் விளக்கில்லாமல் நடக்காதீர்கள். இவ்வளவு போதும். வெயிலுக்கும் விழுதலுக்கும் அஞ்ச வேண்டிய அளவுக்கு இவற்றுக்கு அஞ்ச வேண்டியதில்லை.

கேள்வி: எந்த மாதத்தில், எந்த நேரத்தில் நடப்பது நல்லது?

பதில்: பாலைத் திணைக்கு நம் முன்னோர் நண்பகலைச் சிறுபொழுதாகவும் வேனிலைப் பெரும்பொழுதாகவும் வகுத்தார்கள். நடப்பவர் விலக்க வேண்டியவையும் அவையே. டெத் வேலியின் ஃபர்னஸ் கிரீக்கில் 1913 ஜூலை 10 அன்று பதிவான காற்றின் வெப்பம் 56.7 டிகிரி செல்சியஸ். அதே இடத்தில் 1972 ஜூலை 15 அன்று தரையின் வெப்பம் 93.9 டிகிரி. காற்றின் வெப்பத்தை மட்டும் பார்த்துவிட்டுப் புறப்படுபவர், தன் காலணி எதன் மேல் நடக்கப்போகிறது என்பதை மறந்துவிடுகிறார். குளிர்காலத்திலும் அதன் முன்பின் மாதங்களிலும், விடியலுக்கு முன் எழுந்து நடந்து, வெயில் ஏறியதும் நிழலில் தங்கி, மாலையில் மீண்டும் நடக்கலாம். இரவில் கடுங்குளிர் அடிக்கும் என்பதால், வியர்வையில் நனைந்த பருத்திச் சட்டையோடு படுக்காமல் உலர்ந்த உடை ஒன்றைத் தனியே வைத்திருங்கள்.

கேள்வி: பாதை இல்லை என்றால் எங்கே வேண்டுமானாலும் நடக்கலாம்தானே?

பதில்: கூடாது. யூட்டா போன்ற இடங்களில், கறுத்து, கரடுமுரடாக, சின்னஞ்சிறு கோபுரங்கள் போல மண் எழும்பி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அது உயிருள்ள மண்தோல். நீலப்பச்சைப் பாசிகளின் இழைகள் மணல்துகள்களைப் பின்னிக் கட்டிப்போட்டிருக்க, அதன் மேல் மாஸ் என்ற குறுஞ்செடிகளும், பூஞ்சையும் பாசியும் இணைந்து வாழும் லைக்கன்களும் குடியேறியிருக்கின்றன. காற்று மணலை அள்ளிச் செல்லாமல் தடுப்பதும், காற்றின் நைட்ரஜனைச் செடிகளுக்கு உரமாக்கித் தருவதும் இந்தத் தோல்தான். ஒரு காலடி பட்டால் உலர்ந்த அப்பளம் போல நொறுங்கிவிடும். மீண்டும் வளரப் பல பத்தாண்டுகள் ஆகும். குனிந்து உருப்பெருக்கியால் ஒருமுறை பார்த்தவர்கள் அதன் மேல் கால் வைக்கமாட்டார்கள். வெற்றுப் பாறையிலும் ஓடை மணலிலும் விலங்குகள் போட்ட தடங்களிலும் நடந்து போங்கள். சுற்றுவழியாக இருந்தாலும் பரவாயில்லை.

கேள்வி: என் மகன் மாதம் ஒருமுறை பாலைவனத்துக்குத் தனியாகப் போகிறான். வயது இருபத்தாறு, தடுத்தால் கேட்கமாட்டான், தடுக்கவும் எனக்கு மனமில்லை. வீட்டில் இருந்துகொண்டு ஒரு தாய் செய்யக்கூடியது ஏதாவது இருக்கிறதா?

பதில்: அம்மா, உங்களால் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது, அவருடைய பயணத்தில் மிகப் பொறுப்பான வேலை உங்களுடையதுதான்.

செயற்கைக்கோள் வழியே அவசர அழைப்பு அனுப்பும் கருவி ஒன்றை அவர் வைத்திருக்கிறாரா என்று கேளுங்கள். 406 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்கும் அவசரக் கருவிகளின் அழைப்பை கோஸ்பாஸ்-சார்சாட் என்ற பன்னாட்டு அமைப்பின் செயற்கைக்கோள்கள் பெற்று மீட்புப் படைக்குத் தெரிவிக்கும். அதை அவர் பெயரிலும் உங்கள் தொலைபேசி எண்ணோடும் பதிவு செய்திருக்க வேண்டும். பைக்குள் அடியில் கிடந்தால் பயனில்லை, உடம்போடு இருக்க வேண்டும். ஆழமான பள்ளத்தாக்கில் வானம் ஒரு கீற்றாகத் தெரியும் இடத்தில் அழைப்பு போய்ச்சேர நேரமாகலாம், போகாமலும் இருக்கலாம். அதனால் கருவி இருக்கிறது என்று, பயண விவரங்களைத் தாளில் எழுதி உங்களிடம் கொடுக்காமல் அவர் போய்விடக் கூடாது.

அந்தத் தாளில் இருக்க வேண்டியவை: வாகனத்தை எங்கே நிறுத்துகிறார், அதன் பதிவு எண்ணும் நிறமும், எந்த ஓடை வழியே ஏறி எந்த வழியே திரும்புகிறார், எங்கே தங்குகிறார், கூடாரம், சட்டை ஆகியவற்றின் நிறம், எவ்வளவு நீர் கொண்டுபோகிறார், அந்தப் பகுதியின் மீட்புப் பிரிவின் தொலைபேசி எண். இவற்றோடு இரண்டு நேரங்கள் வேண்டும். ஒன்று, அவர் திரும்பிவிடுவேன் என்று எதிர்பார்க்கும் நேரம். மற்றொன்று, அதற்குள் தகவல் வராவிட்டால் நீங்கள் யாரையும் கலந்தாலோசிக்காமல் அந்த எண்ணை அழைக்க வேண்டிய நேரம். இரண்டுக்கும் இடையே சில மணி நேர இடைவெளி இருக்கட்டும். இரண்டாவது நேரம் வந்தபின் "இன்னும் கொஞ்சம் பார்க்கலாம், அவனுக்குச் சங்கடமாகிவிடும்" என்று தயங்காதீர்கள். வழியில் மனம் மாறி வேறு பள்ளத்தாக்குக்குப் போவதில்லை என்பதும் உங்கள் இருவருக்கும் இடையிலான உடன்படிக்கையில் இருக்க வேண்டும். தாளில் இல்லாத இடத்தில் யாரும் தேடமாட்டார்கள்.

இன்னொன்று, செய்ய அரை நிமிடம் ஆகாது. அவர் புறப்படும் காலையில், அணிந்துபோகும் காலணியைக் கவிழ்த்து, அதன் அடிப்பகுதியைப் பக்கத்தில் ஓர் அளவுகோல் வைத்துப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மணலில் நூறு தடங்கள் இருந்தாலும், தேடிப் போகிறவர்கள் எந்தத் தடத்தைப் பின்தொடர வேண்டும் என்பதை அந்தப் படம் அவர்களுக்குக் காட்டிக்கொடுக்கும்.